எஞ்சின் நடுவே பீரங்கி: குண்டு எதிலும் படாமல் எப்படி வெளியே வந்தது?

கேள்வி இதுதான். இரண்டாம் உலகப்போர்க் காலப் போர் விமானங்கள் சிலவற்றில் மூக்கின் நுனியில், ப்ரொப்பெல்லரின் நட்ட நடுவில் ஓர் ஓட்டை தெரிகிறது. அதன் வழியாகப் பீரங்கி சுட்டது என்கிறார்கள். ஆனால் ஓட்டைக்குப் பின்னால் முழு எஞ்சினே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டைத் துளைத்துக் குழல் விட்டார்களா? இது அவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் பிரிட்டனின் பேர்பெற்ற போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் ஏன் இல்லை?

கிராங்க்ஷாஃப்ட்டை யாரும் துளைக்கவில்லை. துளைக்கவும் முடியாது. அது நேரான தண்டு கிடையாது. பிஸ்டன்களைத் தள்ளி இழுக்க வளைந்து வளைந்து போகும் உருப்படி. உண்மையில் பீரங்கி எஞ்சினின் எந்த உறுப்புக்குள்ளும் போகவில்லை. எஞ்சினில் ஏற்கெனவே இருந்த ஒரு காலி இடத்தின் வழியாகப் போனது. அந்தக் காலி இடம் எப்படி வந்தது என்று பார்த்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

அந்தக் காலத்து எஞ்சின்களில் ஒரு பெரிய வகை, தண்ணீரில் குளிரும் வி-12. கீழே கிராங்க்ஷாஃப்ட். அதிலிருந்து பக்கத்துக்கு ஆறாக இரண்டு வரிசை சிலிண்டர்கள் வி வடிவில் மேலே விரிந்து நிற்கும். இரு வரிசைக்கும் நடுவே, முன்னிருந்து பின்வரை ஒரு பள்ளம் ஓடும். சரி, பள்ளம் இருக்கிறது. ஆனால் ப்ரொப்பெல்லர் கிராங்க்ஷாஃப்ட்டின் நுனியிலேயே நேராக மாட்டப்பட்டிருந்தால் அதன் நடுப்புள்ளி கீழே இருக்கும், பள்ளம் மேலே இருக்கும். அப்போது இந்தப் பள்ளத்தால் ஒரு பயனும் இல்லை.

இங்கேதான் கியர் வருகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றுகிறது, ப்ரொப்பெல்லரின் குறுக்களவு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் நேராக இணைத்தால் ப்ரொப்பெல்லர் இறக்கையின் நுனி நொடிக்கு 377 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே தரைமட்டத்தில் 340தான். அந்த வேகத்தில் ப்ரொப்பெல்லர் காற்றை இழுப்பதைவிட இரைச்சல் போடுவதே அதிகம். ஆகவே ப்ரொப்பெல்லரின் சுற்றைக் குறைக்க ஒரு கியர் தேவைப்பட்டது. கிராங்க்ஷாஃப்ட் நுனியில் ஒரு சிறிய பல்சக்கரம், அதன் மேல் ஒரு பெரிய பல்சக்கரம். பெரியதன் அச்சில் ப்ரொப்பெல்லர். இப்போது ப்ரொப்பெல்லரின் தண்டு கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே ஏறிவிட்டது. ஏறி எங்கே நிற்கிறது? அந்தப் பள்ளத்துக்கு நேராக.

அந்தத் தண்டு நீளம் குறைவானது. அதன் பின்முனை எதோடும் சேர்ந்திருக்கவில்லை. சுழலும் விசை பக்கத்திலிருந்து பல்சக்கரம் வழியாகத்தான் வருகிறது. எனவே அதை உள்ளே வெற்றான குழாயாகச் செய்யலாம். பீரங்கியை எஞ்சினின் பின்பக்கம் பொருத்தி, குழலைப் பள்ளத்தின் வழியே முன்னால் நீட்டி, இந்தக் குழாய்க்குள் விட்டால் முடிந்தது. குழல் அசையாமல் நிற்கும், ப்ரொப்பெல்லர் அதைச் சுற்றிச் சுழலும். ப்ரொப்பெல்லர் இறக்கையில் குண்டு படுமோ என்ற பேச்சே இல்லை.

முதல் உலகப்போரிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். பிரெஞ்சு விமானி ஜார்ஜ் கின்மேர் விரும்பிக் கேட்க, ஹிஸ்பானோ-சுய்சா எஞ்சின் நிறுவனத்தின் மார்க் பிர்கிட் தன் வி-8 எஞ்சினைக் கியர் வைத்து மாற்றித் தர, 1917இல் ஸ்பாட் 12 விமானம் பிறந்தது. 37 மி.மீ. பீரங்கி. ஒவ்வொரு குண்டையும் விமானி கையால் போட வேண்டும். பீரங்கியின் பின்பகுதி அவர் கால்களுக்கு நடுவே நீண்டு வந்ததால் வழக்கமான கட்டுப்பாட்டுத் தடிக்கு இடமில்லை. இரண்டு பக்கமும் நெம்புகோல் வைத்தார்கள். சுட்டதும் புகை முழுக்கக் காக்பிட்டுக்குள் வரும். கின்மேர், ரெனே ஃபோங்க் மாதிரி ஆட்கள் இதை வைத்து எதிரி விமானங்களை வீழ்த்தினார்கள். சாதாரண விமானியிடம் கொடுக்கக்கூடிய ஆயுதம் இல்லை அது. ஒரு குண்டு தவறினால் அடுத்ததைப் போடுவதற்குள் வானத்தில் நிலைமையே மாறியிருக்கும்.

அந்த யோசனை தூங்கிப் போய், 1930களில் மறுபடி எழுந்தது. காரணம், விமானங்கள் உலோகத்துக்கு மாறியிருந்தன. துணி போர்த்திய விமானத்தை விழச் செய்த துப்பாக்கித் தோட்டா, உலோகத்தாலான பெரிய குண்டுவீச்சு விமானத்துக்குப் போதாது. வெடிமருந்து நிரப்பிய 20 மி.மீ. குண்டு வேண்டும். அதைச் சுடும் பீரங்கியை எங்கே வைப்பது? மூக்கின் மேல் வைத்து ப்ரொப்பெல்லர் இறக்கைகளுக்கு இடையே நேரம் பார்த்துச் சுடலாம். ஆனால் அந்த ஒத்திசைவு இம்மி பிசகினாலும் வெடிக்கும் குண்டு சொந்த ப்ரொப்பெல்லரிலேயே பட்டுவிடும். சிறகில் வைக்கலாம், ஆனால் அன்றைய சிறகுகள் மெல்லியவை, சுடும்போது வரும் பின்னுதைப்பில் நெளியும்.

சிறகுத் துப்பாக்கிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு, இது பலருக்குத் தோன்றாது. இரண்டு சிறகிலும் உள்ள துப்பாக்கிகளைச் சற்று உள்நோக்கித் திருப்பி, முன்னால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குண்டுகள் சந்திக்கும்படி வைப்பார்கள். பிரிட்டனில் இது முதலில் 400 கெஜம், பிறகு 250. அந்தத் தூரத்தில் எதிரி இருந்தால் சர்வநாசம். அதைவிடக் கிட்டே இருந்தாலும் தள்ளி இருந்தாலும் குண்டுகள் அவனுக்கு இரு பக்கமும் சிதறிப் போகும். நடுவில் உள்ள பீரங்கிக்கு இந்தக் கணக்கே வேண்டாம். விமானத்தின் மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே குண்டு போகும். தூரத்துக்கேற்பத் தாழ்வதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நன்றாகக் குறி பார்க்கத் தெரிந்த விமானிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஹிஸ்பானோ-சுய்சாவே 12ஒய் எஞ்சினையும் 20 மி.மீ. பீரங்கியையும் சேர்த்தே ஒரு ஜோடியாக விற்றது. பிரெஞ்சுப் போர் விமானங்களான மொரான்-சோல்னியே 406இல் எச்எஸ்.9 பீரங்கி, தெவ்வாத்தீன் 520இல் அதைவிட வேகமான எச்எஸ்.404. இரண்டிலும் 60 குண்டு கொள்ளும் வட்ட டிரம். எச்எஸ்.404 நிமிடத்துக்கு 600 குண்டுக்கு மேல் சுடும். அதாவது விசையை அழுத்திப் பிடித்தால் ஆறு நொடியில் எல்லாம் தீர்ந்துவிடும். பின்னுதைப்பைத் தாங்க ஏறக்குறைய அரை டன் எடையுள்ள எஞ்சின் இருந்தது. பீரங்கி அதோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்ததால் நடுக்கம் குறைவு. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், ஸ்பிட்ஃபயரிடம் வரும்போது தேவைப்படும்.

ஜெர்மானியர்கள் எஞ்சினைத் தலைகீழாகத் தொங்கவிட்டவர்கள். டெய்ம்லர்-பென்ஸ் டிபி 601இல் கிராங்க்ஷாஃப்ட் மேலே, சிலிண்டர்கள் கீழே. ஆகவே ப்ரொப்பெல்லர் தண்டு கிராங்க்ஷாஃப்ட்டுக்குக் கீழே வந்தது; பீரங்கியின் குழலும் கீழே, தொங்கும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே. தத்துவம் அதேதான். ஆனால் இந்த எஞ்சினைப் பார்த்தால்தான், ஒரு குழலுக்கு வழிவிட எவ்வளவு இடம் மாற்ற வேண்டியிருந்தது என்று தெரியும். உயரத்தில் மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரை வழக்கமாக எஞ்சினின் பின்பக்கம், நடுவில்தான் வைப்பார்கள். பீரங்கிக்கும் அதே இடம்தான் வேண்டும். டெய்ம்லர்-பென்ஸ்காரர்கள் சூப்பர்சார்ஜரை அப்படியே திருப்பி எஞ்சினின் இடப்பக்கம் ஒட்டிவிட்டார்கள். இந்த எஞ்சின் கொண்ட ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் மூக்கில் இடப்பக்கம் மட்டும் ஒரு காற்று வாய் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அங்கே இருப்பது இதனால்தான்.

ப்ரொப்பெல்லரும் தப்பவில்லை. பறக்கும்போது இறக்கைகளின் கோணத்தை மாற்ற, பல ப்ரொப்பெல்லர்களில் மையத்திலேயே எண்ணெயால் நகரும் பிஸ்டன் ஒன்று இருக்கும். மையத்தில் பீரங்கிக் குழல் வந்துவிட்டால் பிஸ்டன் எங்கே போகும்? 109இன் விடிஎம் ப்ரொப்பெல்லரில் கோணம் மாற்றும் மின்மோட்டாரை எஞ்சின் மேலேயே வைத்து, பல்சக்கரங்கள் வழியாக விசையை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோனார்கள். இதையெல்லாம் எஞ்சினை முதல்முதலாகக் காகிதத்தில் வரையும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பிறகு ஓட்டை போட முடியாது.

இவ்வளவு செய்தும் ஆரம்பத்தில் சொதப்பல்தான். 109இன் ஈ வகையில் எஞ்சின் பீரங்கி வைக்க முயன்று, சூடு, அதிர்வு, அடைப்பு என்று ஒவ்வொன்றாகத் தொல்லை வரவே கைவிட்டு, பீரங்கிகளைச் சிறகுகளுக்கு மாற்றினார்கள். 1940இல் பிரிட்டன் வானில் சண்டை போட்ட 109கள் பெரும்பாலும் சிறகுப் பீரங்கி விமானங்களே. அடுத்த எஃப் வகையில்தான் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்தது. எஃப்-2இல் 15 மி.மீ., எஃப்-4இல் 20 மி.மீ. எம்ஜி 151. பீரங்கியின் பின்பகுதி ஒரு மூடிக்குள் விமானியின் கால்களுக்கு நடுவே நின்றது, 1917இல் கின்மேருக்கு நின்ற மாதிரியே.

எஃப் வகை வந்ததும் ஜெர்மன் விமானிகளுக்குள்ளேயே சண்டை. சிறகில் எதுவும் இல்லை; நடுவில் ஒரு பீரங்கி, மூக்கின் மேல் இரண்டு சிறு துப்பாக்கி, அவ்வளவுதான். வெர்னர் மோல்டர்ஸ் இது போதும் என்றார்; விமானம் இலகுவாக இருக்கிறது, குறி தப்பவில்லை. அடோல்ஃப் கலாண்ட் ஒத்துக்கொள்ளவில்லை. நம்மைப் போல எல்லோரும் குறி பார்ப்பார்களா, புதிதாக வரும் பையனுக்கு நிறையக் குண்டு வேண்டும் என்பது அவர் கட்சி. தன் சொந்த விமானத்தில் கூடுதல் ஆயுதம் பொருத்தியும் கொண்டார். என்னைக் கேட்டால் கலாண்ட் பக்கமே நியாயம். எஞ்சின் பீரங்கியின் மிகப் பெரிய குறையே அதுதான்: எஞ்சினில் ஒரே ஒரு பள்ளம், அதில் ஒரே ஒரு குழல். இன்னொன்று வேண்டுமென்றால் வேறெங்காவதுதான் போக வேண்டும்.

ஒன்றுதான் என்றால் அதைப் பெரிதாக்கு என்பது அடுத்த வழி. அமெரிக்கப் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் கூட்டமாக வரத் தொடங்கியதும் ஜெர்மானியர்கள் 109இல் 30 மி.மீ. எம்கே 108ஐ வைத்தார்கள். 109இன் கே-4 வகையில் 65 குண்டுகள். சராசரியாக நான்கு குண்டு பட்டால் நான்கு எஞ்சின் விமானமே விழும் என்று கணக்கு. இது மிகக் குட்டையான குழல் கொண்ட ஆயுதம், குழல் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். குண்டு எஞ்சினின் பின்பகுதியிலேயே குழலைவிட்டு வெளியேறி, மீதித் தூரத்தை ஒரு வெற்றுக் குழாய்க்குள் பறந்து கடந்து மூக்கு வழியாக வந்தது. குழல் குட்டை என்பதால் வேகம் குறைவு, நொடிக்குச் சுமார் 540 மீட்டர். குண்டு சீக்கிரம் தாழும். ஆகவே வெகு அருகே போய்த்தான் சுட வேண்டும், அதுவும் பின்பக்கத் துப்பாக்கிக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

இந்த ஏற்பாட்டை அதிகம் நம்பியவர்கள் ரஷ்யர்கள். ஹிஸ்பானோ 12ஒய்யின் உரிமத்தை வாங்கி, எஞ்சின் வடிவமைப்பாளர் கிளிமோவ் அதைப் படிப்படியாக வளர்த்து எம்-105பி ஆக்கினார். கடைசியில் உள்ள பி, பீரங்கி பொருத்தத்தக்கது என்பதற்கான ரஷ்ய எழுத்து. யாக்-1, லாக்-3 போர் விமானங்கள் எல்லாம் இந்த எஞ்சினைச் சுற்றிக் கட்டியவை, நடுவில் 20 மி.மீ. ஷ்வாக் பீரங்கி. அப்புறம் யாக்-9டியில் 37 மி.மீ. வைத்தார்கள். அவ்வளவு நீண்ட பீரங்கிக்கு இடம் விட காக்பிட்டையே 40 செ.மீ. பின்னால் தள்ள வேண்டியிருந்தது. குழலின் முனை மூக்குக்கு வெளியே துருத்தி நின்றது. ஓரிரு குண்டுக்கு மேல் தொடர்ந்து சுட்டால் விமானம் குறியிலிருந்து விலகிவிடும் என்பதால், சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டிச் சுடச் சொன்னார்கள்.

அதிலும் திருப்தி வராமல் யாக்-9கேயில் 45 மி.மீ. போய்ப் பார்த்தார்கள். ப்ரொப்பெல்லர் தண்டின் உட்துளை 55 மி.மீ.தான். அதற்குள் 45 மி.மீ. குண்டு போகும் குழல் நுழைய வேண்டுமென்றால் குழலின் சுவர் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். மணிக்கு 350 கி.மீ.க்குக் குறைந்த வேகத்தில் சுட்டால் விமானம் திடீரென்று ஒரு பக்கம் திரும்பும், விமானி இருக்கையில் ஆட்டம் காண்பார். ஐம்பது சொச்சம் விமானங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பள்ளத்துக்குள் எவ்வளவு பெரிய பீரங்கியை அடைக்கலாம் என்ற கேள்விக்கு அதுதான் எல்லை.

இந்தக் குடும்ப உறவில் ஒரு வேடிக்கை: ஃபின்லாந்துக்காரர்களிடம் பிரெஞ்சு மொரான் 406கள் இருந்தன, எஞ்சின் பலம் போதவில்லை. ஜெர்மானியர்கள் ரஷ்யரிடமிருந்து கைப்பற்றிய கிளிமோவ் எஞ்சின்கள் கிடைத்தன. ரஷ்ய எஞ்சினின் மூதாதை பிரெஞ்சுக்காரன் அல்லவா, பெரிய வம்பில்லாமல் பொருந்தியது. நடுவில் ஜெர்மன் எம்ஜி 151 பீரங்கியை விட்டார்கள். 1943இல் பறந்த அந்த மோர்க்கோ-மொரானில் பிரெஞ்சு உடல், ரஷ்ய எஞ்சின், ஜெர்மன் பீரங்கி.

அமெரிக்காவின் பி-39 ஐராகோப்ராவையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். மூக்கின் நுனியில் 37 மி.மீ. பீரங்கி உண்டு, ப்ரொப்பெல்லர் மையத்தின் வழியாகத்தான் சுடும். ஆனால் எஞ்சின் வழியாக இல்லை. பெல் நிறுவனம் எஞ்சினையே விமானிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு விமானியின் இருக்கைக்கு அடியில் ஓடி, மூக்கில் உள்ள கியர்ப் பெட்டியைச் சுழற்றும். கியர்ப் பெட்டிக்குப் பின்னால் முழு இடமும் பீரங்கிக்கே. துணிச்சலான வழிதான். அந்தப் பீரங்கி மெதுவாகச் சுடுவதும் அடிக்கடி அடைத்துக்கொள்வதும் அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை; சோவியத் யூனியனுக்கு அனுப்பிய நாலாயிரத்துச் சொச்சம் விமானங்களைச் சோவியத் விமானிகள் விரும்பி ஓட்டினார்கள்.

சரி, ஸ்பிட்ஃபயர். அதன் மெர்லின் எஞ்சினும் வி-12தான், கியரும் அதே மாதிரிதான். ஆனால் சிலிண்டர்களுக்கு நடுப் பள்ளத்தில் காற்றும் எரிபொருளும் போகும் குழாய்கள் ஓடின. பின்பக்கம் முழுவதையும் சூப்பர்சார்ஜர் அடைத்துக்கொண்டது. ரோல்ஸ்-ராய்ஸ் அதை வரைந்தபோது பீரங்கியை நினைத்து வரையவில்லை. பிரிட்டிஷ் விமானப்படை எட்டு சிறு துப்பாக்கிகளைச் சிறகில் வைப்பது என்று முடிவு செய்திருந்தது.

பிறகு பீரங்கி தேவை என்று புரிந்ததும் வாங்கியது எதை? எஞ்சினில் பிணைப்பதற்காகவே பிறந்த அதே ஹிஸ்பானோ 404ஐ. 1940இல் 19ஆவது படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயர் சிறகுகளில் அதைப் பொருத்தினார்கள். வட்ட டிரம்முக்குச் சிறகில் உயரம் போதாததால் பீரங்கியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். அரை டன் எஞ்சின் தாங்க வேண்டிய பின்னுதைப்பை இப்போது நெளியும் சிறகு தாங்கியது. ஓயாமல் அடைத்துக்கொண்டது. விமானிகள் வெறுத்துப்போய்ப் பழைய எட்டுத் துப்பாக்கி விமானங்களையே திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். குண்டுப் பட்டையும் சரியான பிடிமானமும் வந்த பிறகுதான் சிறகு ஹிஸ்பானோ உருப்பட்டது. உருப்பட்டதும் இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேன் 2சியில் நான்காகவே வைத்தார்கள். ஒரு பள்ளம், ஒரு பீரங்கி என்ற வரம்பு சிறகுக்கு இல்லை.

நட்சத்திர வடிவ எஞ்சின்களில் இது ஏன் இல்லை என்பதும் இப்போது எளிது. சிலிண்டர்கள் வட்டமாக நிற்க, கிராங்க்ஷாஃப்ட் நட்ட நடுவில். சுற்றைக் குறைக்கும் கியரும் அதே அச்சிலேயே. ப்ரொப்பெல்லர் மையத்துக்கு நேர் பின்னால் இருப்பது கிராங்க்ஷாஃப்ட். வழியே கிடையாது. அப்படிப்பட்ட எஞ்சின் கொண்ட சோவியத் லா-5 அதனால்தான் தன் பீரங்கிகளை மூக்கின் மேல் வைத்து ஒத்திசைவோடு சுட்டது.

ஜெட் வந்ததும் ப்ரொப்பெல்லரே போய்விட்டது, கூடவே இந்தத் தேவையும். ஜெட் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 262இன் மூக்கில் எம்கே 108 நான்கைச் சேர்த்து வைக்க யாரும் எஞ்சினைத் திருப்பிப் போட வேண்டியிருக்கவில்லை. ஆனால் 109 தொடர்ந்து பறந்தது. செக்கோஸ்லோவாக்கியா அதில் ஜூமோ 211 எஞ்சினைப் பொருத்தி எஸ்-199 என்றது. அந்த எஞ்சினில் பீரங்கிக்கு வழியில்லை, எனவே பீரங்கிகள் சிறகுக்கு அடியில் தொங்கின. ஸ்பெயின் 1950களில் மெர்லினையே பொருத்தி புச்சோன் செய்தது; அங்கேயும் பீரங்கி சிறகுக்குப் போனது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. படத்திலோ அருங்காட்சியகத்திலோ மூக்கு நுனியில் ஓட்டை பார்த்தவுடன் உள்ளே பீரங்கி இருந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 109 ஈ வகை பலவற்றில் ஓட்டை இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. அது வராமல் போன பீரங்கிக்காக விட்ட வழி. இடப்பக்கக் காற்று வாயும் பீரங்கிக்குச் சாட்சி இல்லை: எஞ்சின் அதற்கு இடம் விட்டது என்பதை மட்டுமே அது காட்டும். எந்த வகை, எந்த ஆண்டு என்று பார்த்த பிறகே உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல முடியும்.